ஆராய்ச்சி மணியும் முறையீட்டு முரசும்
குடிகள் தம் அரசை நம்புவது எவ்வாறு?

திருவாரூரில் ஒரு கல்தேர் உண்டு. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கும்பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையை அது நினைவூட்டுவதாகக் கூறுவர். இக்கதையைப் பள்ளியில் பயில்வோர் யாவரும் மன்னனின் நடுநிலையையே போற்றுகின்றனர். அது தக்கதே. ஆயின் கதையை நடத்திச் செல்வது மன்னன் அல்லன். அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியே. அந்த மணி அங்கே இல்லாதிருந்தால், மன்னனின் நீதி அவன் நெஞ்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இதனோடு ஒப்பிடத்தக்க ஓர் ஏற்பாடு சீனநாட்டிலும் இருந்தது. அங்குப் பழைய அரச மரபினர் பலர் அரண்மனை வாயிலில் முறையீட்டு முரசு ஒன்றை வைத்திருந்தனர். கீழ் அதிகாரிகளிடம் நீதி பெறாதவன் அம்முரசை அறைந்து, தன் குறையைப் பேரரசரின் செவிக்கு எட்டச் செய்யலாம். கடலால் பிரிந்த இரு நாட்டு மக்களும் ஒரே உண்மையைக் கண்டிருந்தனர். அரசு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. குடிமகன் குரல் அதற்குக் கேட்கவும் வேண்டும்.

மணி அடிப்பவன் அரசை வெறுப்பவன் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. அடித்தால் கேட்பார் உண்டு என்று நம்புகிறவனே கயிற்றைப் பற்றுகிறான். நம்பிக்கை அற்றவன் வாயிலுக்கே வருவதில்லை. ஆகவே முறையீடு நம்பிக்கையின் அடையாளம். மௌனத்தை அவ்வாறு கொள்ள இயலாது. குடிகளின் நம்பிக்கையை அளக்க முற்படுவோர் இந்த வேறுபாட்டை மறந்தால், அச்சத்தையும் சலிப்பையும் நம்பிக்கை என்று மயங்கிக் கணக்கிட நேரிடும். சீனநாட்டின் இக்கால நிலையும், மலேசியாவில் கெடா மாநிலத்தின் தோட்டங்களும் பட்டணங்களும் கண்ட வரலாறும் இதனைத் தெளிவுறுத்துகின்றன.

முன்னோர் கருத்து

அரசுக்கு இன்றியமையாதவை எவை என்று மாணவன் ஒருவன் கன்பூசியசை வினவினானாம். உணவு, படை, மக்களின் நம்பிக்கை என்னும் மூன்றையும் அவர் கூறினார். ஒன்றை விட நேர்ந்தால் முதலில் படையை விடலாம். மேலும் ஒன்றை விட நேர்ந்தால் உணவையும் விடலாம். நம்பிக்கை போய்விட்டால் மட்டும் அரசு நில்லாது என்பது அவர் கருத்து.

திருவள்ளுவரோ நம்பிக்கை பிறக்கும் வழியைக் காட்டுகிறார். இறைமாட்சி என்னும் அதிகாரத்தில், காண்பதற்கு எளியவனாயும் கடுஞ்சொல் இல்லாதவனாயும் இருக்கும் மன்னனைச் சிறப்பித்துக் கூறுகிறார். வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தில், காண்பதற்கு அரியவனும் கடுமுகம் உடையவனுமான ஒருவனின் செல்வத்தைப் பேய் காக்கும் செல்வத்தோடு ஒப்பிடுகிறார். காட்சிக்கு எளிமை என்பதை வள்ளுவர் ஒரு நற்குணம் என்ற அளவில் நிறுத்தவில்லை. ஆட்சியின் இலக்கணமாகவே வைத்தார்.

சீனரின் நம்பிக்கை: எண்களும் அவற்றின் பொருளும்

அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டு முதல் 2016-ஆம் ஆண்டு வரை எட்டு முறை சீன மக்களிடையே கருத்துக் கணிப்பு நடத்தினர். 31,000-க்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அதன் முடிவுகள் 2020-இல் வெளியாயின. நடுவண் அரசின்பால் மனநிறைவு உடையோர் 2003-இல் நூற்றுக்கு 86.1 பேர், 2016-இல் 93.1 பேர். ஆனால் மக்களுக்கு மிக அண்மையில் உள்ள சிற்றூர் நிர்வாகத்தின்பால் மனநிறைவு உடையோர் 2003-இல் 43.6 பேரே, 2016-இல் அது 70.2 ஆக உயர்ந்தது.

இவ்வெண்களில் ஒரு விந்தை உண்டு. தொலைவில் உள்ள பெய்ஜிங்கை மக்கள் பெரிதும் பாராட்டுகின்றனர். தெருமுனையில் உள்ள அதிகாரியை அத்துணை பாராட்டவில்லை. மக்களாட்சி நாடுகள் பலவற்றில், அமெரிக்காவில் குறிப்பாக, நிலைமை இதற்கு மாறானது. அங்கு ஊராட்சியின்மேல் உள்ள நம்பிக்கை தலைநகரத்தின்மேல் இருப்பதில்லை.

சீனரின் மனப்பாங்குக்குக் காரணங்கள் உண்டு. வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. உழவர்மேல் நெடுங்காலமாக இருந்த வேளாண்மை வரி 2006-இல் நீக்கப்பட்டது. இத்தகைய நன்மைகள் எல்லாம் மேலிருந்து வந்தனவாகத் தோன்றுகின்றன. நிலத்தை எடுத்துக்கொள்வதும் தண்டம் விதிப்பதும் கீழ் அதிகாரியின் கையால் நிகழ்கின்றன. ஆகவே ‘பேரரசர் நல்லவர், இடையில் உள்ளவர்களே தீயவர்’ என்னும் பழைய எண்ணம் புதிய உடையில் நிலைபெறுகிறது. பழைய முரசின் மரபில் இன்றும் சீனத்தில் மனு வாங்கும் அலுவலகங்கள் உள்ளன. சிற்றூரில் நீதி கிடைக்காதவர்கள் மனுவோடு தலைநகருக்குப் பயணம் செய்கின்றனர். அவர்களை வழிமறித்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் உள்ளூர் அதிகாரிகளும் உளர்.

மற்றொரு கேள்வியும் எழுகிறது. கேட்பவருக்கு அஞ்சி விடை சொன்னார்களா? இதனை ஆராய்ந்தவர்கள் ஒரு நுட்பமான முறையைக் கையாண்டனர். விடையளிப்போரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சில கூற்றுகளைக் கொடுத்தனர். மற்றப் பகுதியினருக்கு அவற்றோடு ஆட்சியைப் பற்றிய கூற்று ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தனர். எந்தக் கூற்றை ஏற்கிறீர் என்று கேளாமல், எத்தனை கூற்றுகளை ஏற்கிறீர் என்று மட்டுமே கேட்டனர். தனிமனிதனின் கருத்து வெளிப்படாது. இரு பகுதியினரின் சராசரிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு உண்மையைச் சொல்லிவிடும். 2024-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, நேராகக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்த ஆதரவு, மறைமுகமாகக் கேட்டபோது ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டதாயிற்று.

இதனால் சீனரின் நம்பிக்கை பொய் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பெரும்பாலோர் உண்மையாகவே ஆதரிக்கின்றனர் என்பதையே இவ்வாய்வும் காட்டுகிறது. ஆனால் நம்பிக்கையோடு அச்சமும் கலந்துள்ளது. எது எவ்வளவு என்பது வெளியில் இருப்போருக்கு மட்டுமன்றி, அவ்வரசுக்குமே தெரிவதில்லை. 2022 நவம்பரில் நோய்த்தடுப்புக் கட்டுப்பாடுகளை எதிர்த்து இளைஞர்கள் எழுத்தில்லாத வெள்ளைத்தாளை ஏந்தித் தெருவில் நின்றனர். அடுத்த மாதமே கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மணி இல்லாத இடத்தில் வெற்றுத்தாளே மணியாயிற்று.

தோட்டத்தின் படிக்கட்டு

ஹார்வார்டு என்னும் பெயர் கெடாத் தமிழருக்குப் புதியதன்று. பீடோங் பட்டணத்துக்கு அருகில் அதே பெயரில் பெரிய ரப்பர்த் தோட்டம் ஒன்று இருந்தது. அரசின்மேல் நம்பிக்கை என்னும் பாடத்தைக் கெடாத் தோட்டத்துத் தமிழர் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை. அத்தகைய தோட்டங்களின் பெரட்டுக் களத்தில் கற்றனர்.

1909-இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்த கெடாவில், கோலமூடா, கூலிம் முதலிய தென்மாவட்டங்கள் ரப்பர்க் காடுகளாயின. அங்குத் தமிழ்த் தொழிலாளிக்கு அரசு என்பது ஒரு படிக்கட்டாகவே காட்சியளித்தது. முதற்படியில் கங்காணி, அதற்கு மேல் கிராணி, அதற்கும் மேல் பங்களாவில் துரை. அதற்கப்பால் தொழில் இலாகா அதிகாரி. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922-இல் இயற்றப்பட்ட பின்னர், இந்திய அரசின் ஏஜண்ட் ஒருவரும் மலாயாவில் இருந்தார். உச்சியில் அலோர் ஸ்டாரில் சுல்தான். அவருக்கு அருகில் ஆங்கிலேய ஆலோசகர்.

தோட்டத்திலும் மணி ஒலித்தது. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுப்பதற்காக அடித்த பெரட்டு மணி அது. ஆராய்ச்சி மணியைக் குடிமகன் அடிப்பான், அரசன் எழுந்து வருவான். பெரட்டு மணியை நிர்வாகம் அடிக்கும், தொழிலாளி எழுந்து ஓடுவான். கங்காணியின்மேல் குறை சொல்ல வேண்டுமானால் கங்காணியின் வழியாகவே செல்ல வேண்டும். தொழில் இலாகா அதிகாரி வரும் நாளில் துரையும் கிராணியும் உடன் நிற்பர். ஆகவே அங்கும் சீனத்து உழவனின் மனப்பாங்கே வளர்ந்தது. மேலே இருப்பவர் நல்லவர். நம் குறை அவர் காதுக்கு எட்டவில்லை என்று தொழிலாளர் தம்மைத் தேற்றிக்கொண்டனர்.

மேலே இருப்பவரைப் பற்றிய அந்த எண்ணம் 1941 டிசம்பரில் உடைந்தது. சப்பானியப் படை கெடாவில் புகுந்து ஜித்ராவில் ஆங்கிலப் படையை முறியடித்தது. அண்டையில் உள்ள பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேறினர். ஏனைய மக்கள் குண்டுவீச்சுக்கு இடையே கைவிடப்பட்டனர். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துவே பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊரைக் காக்கும் குழுவுக்குத் தலைமை தாங்க நேர்ந்தது. கெடாவின் தோட்டங்களிலும் அரசு எனப்பட்ட படிக்கட்டின் மேற்படிகள் திடீரென வெறுமையாயின. பின்னர் வந்த ஆட்சி, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசென்றது. திரும்பி வாராதவர் பலர்.

போருக்குப் பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஹார்வார்டு தோட்டத்தைச் சார்ந்து ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தொழிலாளியின் கூலியை விழுங்கிவந்த கள்ளுக்கடைகளின்முன் அவர்கள் மறியல் செய்தனர். குடியை விட வேண்டும், தன்மானத்தோடு வாழ வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் குரல். நாளடைவில் கூலி, வேலைநிலை பற்றிய கோரிக்கைகளும் சேர்ந்தன. விடையாகப் போலீஸ் நடவடிக்கை வந்தது. 1947-இல் நடந்த மோதல்களில் உயிர்களும் பலியாயின. அமைதியாக இருந்த தோட்டத்தை நம்பிக்கையுள்ள தோட்டம் என்று நிர்வாகம் அதுவரை கருதியிருந்தது. குரல் எழுந்தபோது அதனைக் கலகம் என்று கொண்டது. இரண்டும் பிழையான கணக்குகளே.

பாலிங்கில் எழுந்த கேள்வி

1948-இல் அவசரகாலம் தொடங்கியது. 1950-க்குப் பின் நாடெங்கும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்ட லயங்கள் பலவும் வேலிக்குள் வந்தன. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுப்பதே வேலியின் நோக்கம். ஆனால் வேலி மட்டும் விசுவாசத்தை உண்டாக்காது என்பதை அரசும் விரைவில் உணர்ந்தது. வீட்டுமனை, குடிநீர், பள்ளி, ஊர்மன்றத் தேர்தல், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடியுரிமை ஆகியவை வந்த பின்னரே வேலிக்குள் இருந்தவர்களின் மனம் மெல்லத் திரும்பியது.

1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் கெடாவின் பாலிங் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புகழ்பெற்ற பேச்சுவார்த்தை நடந்தது. ஒருபுறம் கெடா அரச குடும்பத்தில் தோன்றியவரும், கூலிம், சுங்கை பட்டாணி முதலிய இடங்களில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவருமான துங்கு அப்துல் ரகுமான். அவருடன் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், சீனர் தலைவர் டான் செங் லாக். மறுபுறம் சின் பெங்கும் அவருடைய தோழர் இருவரும். கம்யூனிஸ்டுக் கட்சியை அங்கீகரிப்பது பற்றியும், சரணடைவோர் விசாரணைக்கு உட்படுவது பற்றியும் வாதம் நடந்தது. வாதத்தின் அடியில் கிடந்தது நம்பிக்கை பற்றிய கேள்வியே. ஆயுதத்தைக் கீழே வைத்தபின் அரசு தன் சொல்லைக் காக்குமா என்று ஒரு தரப்பினர் ஐயுற்றனர். அங்கீகாரம் கொடுத்தபின் இவர்கள் நாட்டுக்கு உண்மையாக நடப்பார்களா என்று மற்றத் தரப்பினர் ஐயுற்றனர். பேச்சு முறிந்தது. ஆயினும் உள்நாட்டுப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே ஏற்குமானால் போரை நிறுத்தலாம் என்று சின் பெங் கூறியது விடுதலைக் கோரிக்கைக்கு வலுவூட்டியது. அயலாரின் அரசைக் காட்டிலும் மக்கள் தேர்ந்த அரசுக்கு நம்பிக்கை பெறும் உரிமை மிகுதி என்பதைப் பகைவரும் ஒப்புக்கொண்டதாக அது பொருள்பட்டது.

அதே பாலிங் 1974-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் செய்தியில் இடம்பெற்றது. ரப்பர் விலை வீழ்ந்து, உணவுப்பொருள் விலை ஏறியிருந்த காலம் அது. பசிக்கு நச்சுக் கிழங்கை உண்டு மாண்டனர் என்னும் செய்தி மக்களிடையே பரவியது. அரசு மறுத்தது, மறுப்பை மக்கள் நம்பவில்லை. சிறு தோட்டக்காரர்களும் பால்வெட்டுத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். கோலாலம்பூரில் மாணவர்களும் தெருவுக்கு வந்தனர், பலர் கைதாயினர். ஒருபுறம் கைது நடந்தது. மறுபுறம் ரப்பர் விலையைத் தாங்கி நிறுத்த அவசரத் திட்டமும் வகுக்கப்பட்டது. மணி ஒலித்தது, அடித்தவர் தண்டனை பெற்றனர், ஆயினும் ஒலி கேட்டது. மக்களின் உணவைப் பற்றிய அரசின் சொல்லை மக்களே ஐயுறும் நிலை எத்துணை இடர் மிக்கது என்பதற்கு இது சான்று.

ஒரு தாளின் கதை

தோட்டத் தமிழருக்கு நம்பிக்கையின் சோதனை மிக அமைதியாக வந்தது. குடியுரிமைத் தாள் என்னும் வடிவில் வந்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது, முன்னரே குடியேறியிருந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி செய்யப்பட்டது. முதல் ஓராண்டுக் காலம் மலாய்மொழித் தேர்வும் தளர்த்தப்பட்டிருந்தது. வாயில் திறந்திருந்தது. ஆயினும் தோட்டத்தில் இருந்த பலர் விண்ணப்பிக்கவில்லை. அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பட்டணத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிறந்த ஊருக்கும் வந்த நாளுக்கும் சான்று காட்ட வேண்டும். தாள் இல்லாமலேயே இத்தனை ஆண்டு வாழ்ந்தோமே என்ற எண்ணம் வேறு. அந்த மௌனத்தை நிறைவு என்று எவரும் கொண்டிருக்கலாம்.

1969-க்குப் பின் மௌனத்தின் விலை தெரிந்தது. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலைசெய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சுமார் 60,000 இந்தியர் நாட்டை விட்டுச் சென்றனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். எஞ்சியவர் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றனர்.

இன்னல் அடுத்த தலைமுறைக்கும் இறங்கியது. 1982-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டி, ஊரார் வாழ்த்திய திருமணம் பதிவிலாகாவில் எழுதப்படாவிட்டால், பிறந்த பிள்ளை தாயின் குடிநிலையையே பெறும். தாயிடம் நீலக் கார்டு இல்லையாயின் பிள்ளைக்கும் அது கிடைக்காமற்போகக்கூடும். பள்ளி, மருத்துவமனை, வேலை என ஒவ்வொரு வாயிலிலும் அத்தாள் கேட்கப்படுகிறது. 2011-இல் ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கத்தை அரசே நடத்த வேண்டியிருந்தது; விடுதலை பெற்று அரை நூற்றாண்டுக்குப் பின்னும் குறை தீரவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தாமே சமைத்த நம்பிக்கை

இதற்கிடையில் ஒளி தரும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறு தொகைகளைச் சேர்த்துத் தாமே தோட்டம் வாங்குவது அதன் நோக்கம். தொடக்கக் காலத்தில் வாங்கப்பட்ட தோட்டங்களுள் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமும் ஒன்று.

எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளி, கண்ணால் காணாத தோட்டத்துக்காகக் காசு கொடுத்தார். பயமுறுத்தி வாங்கிய காசன்று அது. தலைவர் லயத்துக்கு வந்து பேசினார், ரசீது கிடைத்தது, நிலம் வாங்கப்பட்டதைக் கண்ணால் கண்டனர். தொழிலாளருக்கு நம்பும் இயல்பு இல்லை என்று கூறியவர்களுக்கு அதுவே விடை. நம்புதற்கு உரிய காரணத்தைக் கண்முன் காட்டினால், மிக வறியவரும் நம்புவர்.

பட்டணத்தில்

1980-களிலும் 1990-களிலும் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் பல வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்தில் கடுமையானதாயினும் ஒரே அலுவலகம் இருந்தது. பட்டணத்திலோ பதிவிலாகா, நில அலுவலகம், நகராண்மைக் கழகம், சமூகநலப் பகுதி எனப் பல வாயில்கள். எந்த வாயிலில் எந்த மணி என்று அறியாமல் தவித்தவர் பலர்.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்தியர் ஆயிரக்கணக்கில் பேரணியாகத் திரண்டனர். 2008 மார்ச் தேர்தலில் கெடாவிலும் மாநில ஆட்சி மாறியது. அம்மக்கள் அரசின்மேல் நம்பிக்கை இழந்தனர் என்று சிலர் கூறினர். ஆட்சியில் இருந்த கட்சியின்மேல் பலர் நம்பிக்கை இழந்தனர் என்பதே சரி. வாக்குச்சாவடிக்குச் சென்று வரிசையில் நின்றவர், அந்த வாக்கு எண்ணப்படும் என்று நம்பியே நின்றார். ஆள்வோரை ஐயுற்றும் ஆட்சிமுறையை நம்ப இயலும். இவ்விரண்டையும் பிரித்து வைக்க இடந்தருவதே மக்களாட்சியின் சிறப்பு. சீனத்தில் ஆள்வோரும் ஆட்சிமுறையும் ஒன்றே ஆதலால், ஒன்றை ஐயுறுவோர் மற்றதையும் ஐயுற்றவராகக் கருதப்படுகின்றனர். ஆகவேதான் அங்கு உண்மையான அளவை அறிவது அரிதாகிறது.

அளக்கும் கோல்

ஆகவே, ஒரு நாட்டில் நம்பிக்கை உண்டா என்று அறிய விரும்புவோர், எத்தனை பேர் அரசைப் புகழ்கின்றனர் என்று எண்ணுவதோடு நிறுத்தலாகாது. மிக எளிய குடிமகனுக்கு எட்டும் தொலைவில் மணி உண்டா? அதை அடித்தவர் துன்பமின்றி வீடு திரும்புகிறாரா? அடித்தபின் ஏதேனும் நடக்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் ஆம் என்று விடை கிடைக்கும் நாட்டில் குறை கூறுவோர் பலராக இருப்பர். அதுபற்றி அரசு அஞ்ச வேண்டியதில்லை. விடை இல்லை என்றாகும் நாட்டில் எங்கும் அமைதி நிலவும். அரசு அஞ்சவேண்டியது அந்த அமைதிக்கே.

இதில் ஆசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததோடு, பெற்றோரின் மனுக்களையும் எழுதிக் கொடுத்தார், பாரங்களை நிரப்பினார், எந்த அலுவலகம், எந்த நாள் என்று வழி சொன்னார். எட்டாத உயரத்தில் தொங்கிய மணிக்குக் கயிறு கட்டியவர் அவரே. இன்றும் ஒரு மாணவனின் பிறப்புப் பத்திரத்தில் குறை இருப்பதை முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியர்தாம். அந்தக் குறையை அப்போதே பெற்றோருக்கு எடுத்துக்கூறி, அவர்களை உரிய வாயிலுக்கு அனுப்பிவைத்தால், அப்பிள்ளை பதினெட்டு வயதில் நாடற்றவனாக நிற்க நேராது.